மலைக்கு முகம் எதற்கு?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் சாலை என்றொரு மலைப்பாதை உண்டு. நீளம் 17 மைல்தான், வளைவுகளோ 314. நடுவே மரத்தூண்கள் தாங்க, சுழன்று சுழன்று ஏறும் பாலங்கள். பாறையைத் துளைத்த குறுகிய சுரங்க வழிகள். ஆளுநராகவும் பின்னர் செனட்டராகவும் இருந்த பீட்டர் நார்பெக், தானே மலையில் அலைந்து தடம் பார்த்துப் போடச் செய்த சாலை அது. விரைந்து போகிறவர்களை மனதில் வைத்து அவர் அதை அமைக்கவில்லை. வண்டி சுரங்கத்தின் இருட்டுக்குள் நுழைகிறது. எதிரே வெளிச்சமான வாயில். அந்த வாயிலுக்குள் அளவெடுத்தாற்போல, தொலைவில் நான்கு கல் முகங்கள்: வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன். அர்த்த மண்டபத்து இருட்டைக் கடந்து கருவறை விளக்கைக் காண்பவருக்கு நேர்வதுதான் இங்கே காரில் உட்கார்ந்திருப்பவருக்கும் நேர்கிறது.

அப்படி நேர வேண்டும் என்றே அந்தச் சாலை போடப்பட்டது. அந்த முகங்கள் செதுக்கப்பட்ட ரஷ்மோர் மலைக்கு 'மக்களாட்சியின் திருத்தலம்' என்று ஒரு பெயர் நிலைத்திருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அந்த நாட்டில் தேவாலயங்களுக்கு வெளியே 'குடிமைச் சமயம்' ஒன்று இயங்குகிறது என்றார். அதற்கும் தியாகிகள் உண்டு, சடங்குகள் உண்டு, புனித இடங்கள் உண்டு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து அண்ணாந்து பார்க்கும் ரஷ்மோரை அந்தச் சமயத்தின் பெரிய தலம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அந்த மலை அதற்கு முன்பும் ஒரு தலமாகத்தான் இருந்தது. அந்த வட்டாரத்துத் தொல்குடியினரான லகோட்டா மக்கள் அதை 'ஆறு பாட்டன்கள்' என்று அழைத்தார்கள். நான்கு திசைகளும் மேலும் கீழும் சேர்ந்த ஆறு. அந்த ஆறு பேருக்கு முகம் கிடையாது. யாரும் செதுக்கிக் காட்டவும் இல்லை. ஒரே பாறையை இரு சமயங்கள் புனிதம் என்கின்றன. ஒன்று அதைச் செதுக்கியதால் புனிதம் என்கிறது. மற்றது செதுக்கியதால் புனிதம் புண்பட்டது என்கிறது. மலையைப் புனிதமாக்குவது எது என்ற கேள்வி, ரஷ்மோர் நிற்கும் பிளாக் ஹில்ஸ் மலை வட்டாரத்தில் நூலகத்துக்குள் அடைபட்ட தத்துவ விசாரமாக இல்லை. அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது; அதற்காக உயிர்கள் போயிருக்கின்றன.

செதுக்கிய கதையை முதலில் பார்க்கலாம். 1923இல் மாநில வரலாற்றாளர் டோன் ராபின்சன், சுற்றுலாப் பயணிகளை இழுக்க மலையில் பெரும் சிற்பங்கள் வேண்டும் என்று யோசனை சொன்னார். அவர் மனதில் இருந்த இடம் நீடில்ஸ் என்னும் ஊசிப்பாறைகள். மனதில் இருந்த உருவங்களில் லகோட்டாத் தலைவர் ரெட் கிளவுடும் ஒருவர். சிற்பி கட்சன் போர்க்லம் வந்து பார்த்தார். ஊசிப்பாறைகள் மெலிந்தவை, சிற்பத்துக்குத் தாங்காதவை என்று ஒதுக்கினார். எல்லைப்புற நாயகர்களும் போதாது, நாடு முழுவதற்குமான ஆட்கள் வேண்டும் என்றார். அதற்குமுன் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுன்டனில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகளைச் செதுக்கத் தொடங்கியவர் அவர். கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தோடும் நெருக்கம் கொண்டிருந்தார்.

1927 அக்டோபரில் தொடங்கிய வேலை 1941 அக்டோபரில் நின்றது. ஏறக்குறைய 400 தொழிலாளர்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவர்களில் பலருக்கு அது சோறு போட்ட வேலை. எஃகுக் கம்பியில் தொங்கிய இருக்கையில் உட்கார்ந்து துளையிட்டார்கள். பாறையில் 90 விழுக்காட்டை டைனமைட்டே பெயர்த்தது. சுமார் 4,50,000 டன் கல் சரிந்து அடிவாரத்தில் குவிந்தது. அந்தக் குவியல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. ஜெபர்சனின் முகம் முதலில் வாஷிங்டனுக்கு மறுபக்கத்தில் தொடங்கப்பட்டது. அங்கே பாறை சரியில்லை என்று தெரிந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு இந்தப் பக்கம் மாற்றினார்கள். முகம் ஒவ்வொன்றும் 60 அடி உயரம். இத்தனை அபாயமான வேலையில் ஒருவர்கூடப் பணியிடத்தில் இறக்கவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் திறமைக்குச் சான்று. 1941 மார்ச்சில் போர்க்லம் காலமானார். மகன் லிங்கன் போர்க்லம் வேலையை முடித்துவைத்தார்.

ஏன் இந்த நால்வர்? நாட்டின் பிறப்பு, விரிவு, வளர்ச்சி, காப்பு என நான்கு கட்டங்களுக்கு நான்கு பேர் என்பது போர்க்லமின் கணக்கு. அதாவது மலையில் செதுக்கப்பட்டது வரலாறு. லிங்கன் தலைக்குப் பின்னால் பாறையைக் குடைந்து ஓர் ஆவணக் கூடம் அமைக்கவும் அவர் திட்டமிட்டார். எதிர்காலத்தில் யாரோ வந்து இந்த முகங்கள் யாருடையவை என்று திகைக்கக் கூடாதே என்ற கவலை. 1998இல் அந்த முற்றுப்பெறாத கூடத்தின் வாயிலில், செய்தி பொறித்த பீங்கான் பூச்சுத் தகடுகளை டைட்டானியப் பேழைக்குள் வைத்து மூடினார்கள்.

இங்கேதான் வைன் டெலோரியா உதவுகிறார். லகோட்டாக்கள் உள்ளிட்ட சூ மக்களில், ஸ்டாண்டிங் ராக் பிரிவைச் சேர்ந்த சிந்தனையாளர் அவர். 1973இல் வெளிவந்த 'காட் இஸ் ரெட்' நூலில் அவர் முன்வைத்த வாதம் கூர்மையானது: மேற்கத்திய கிறிஸ்தவ மரபு காலத்தை அச்சாகக் கொண்டது, தொல்குடிச் சமயங்கள் இடத்தை அச்சாகக் கொண்டவை. காலத்தை அச்சாகக் கொண்ட சமயம் எங்கே போனாலும் தன் கதையைத் தூக்கிக்கொண்டு போகலாம். இடத்தை அச்சாகக் கொண்ட சமயத்துக்கு அந்த இடமே வேதம். லகோட்டா மரபில் மனிதர்கள் பூமிக்குள்ளிருந்து வெளியே வந்த வழி, இதே பிளாக் ஹில்ஸில் இருக்கும் விண்ட் கேவ் குகை. அந்தக் குகைவாயை வேறு ஊரில் கட்டி எழுப்ப முடியாது.

இந்த வேறுபாடு சட்டத்தில் எப்படி மோதியது என்பதற்கு நூறாண்டுச் சான்று இருக்கிறது. 1868ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாராமி உடன்படிக்கை பிளாக் ஹில்ஸை சூ மக்களுக்கே உரியதாக ஒப்புக்கொண்டது. நிலத்தைக் கைமாற்ற, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்றும் விதித்தது. 1874இல் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படைப்பயணம் தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. 1876இல் போர். 1877இல், பத்தில் ஒரு பங்கினரின் கையெழுத்து மட்டுமே இருந்தும், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி மலைகளை எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், நியாயமான இழப்பீடு தராமல் நிலம் பறிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அசலும் 1877 முதலான வட்டியும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல்.

சூ மக்கள் அதை வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை. கருவூலக் கணக்கில் அது வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலம் அடங்கிய ஒக்லாலா லகோட்டா மாவட்டம் அமெரிக்காவின் மிக வறிய மாவட்டங்களில் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசித்த வயிறு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பணத்தைத் தலைமுறை தலைமுறையாக மறுக்கிறது. பணத்தை வாங்கினால் மலையை விற்றதாகிவிடும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். புனிதம் என்பதற்கு எத்தனையோ வரையறைகளை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். விலை பேச மறுக்கும் இந்த உறுதியைவிடத் தெளிவான வரையறை கிடைப்பது அரிது.

அப்படியானால் செதுக்குவது வெள்ளையர் வழி, தொடாமல் விடுவது தொல்குடி வழி என்று முடித்துவிடலாமா? முடியாது. ரஷ்மோரிலிருந்து அரைமணி நேரத்துக்குள் காரில் போய்ச்சேரும் தூரத்தில் இன்னொரு மலை நிற்கிறது. லகோட்டாத் தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர், தங்கள் மக்களிடமும் மாவீரர்கள் உண்டு என்பதை வெள்ளையர்கள் அறிய வேண்டும் என்று 1939இல் சிற்பி கோர்சாக் ஜியோல்கோவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். 1948 ஜூன் 3இல் முதல் வெடி. 641 அடி நீளம், 563 அடி உயரத்தில், குதிரைமேல் அமர்ந்து கை நீட்டும் லகோட்டா மாவீரர் கிரேஸி ஹார்ஸ்: அதுதான் திட்டம். அரசுப் பணமே வேண்டாம் என்று சிற்பி மறுத்தார். 1982இல் அவர் இறந்த பிறகு மனைவி ரூத்தும் பிள்ளைகளும் தொடர்ந்தார்கள். 87 அடிக்கு மேல் உயர்ந்த முகம் 1998இல் முடிந்தது. மற்றவற்றில் பெரும்பகுதி இன்னும் கல்லுக்குள்தான்.

லகோட்டா மக்களே இதில் ஒருமனப்படவில்லை. முகத்தைக் கண்டு நெஞ்சு நிமிர்த்துவோர் உண்டு. எதிர்ப்பவர்கள் வாதமும் வலுவானது. கிரேஸி ஹார்ஸ் தன்னைப் படம்பிடிக்க விட்டதில்லை என்பார்கள். அவருடையது என்று உறுதிசெய்யப்பட்ட புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. 1877 செப்டம்பரில் ஃபோர்ட் ராபின்சனில் அவர் குத்திக் கொல்லப்பட்டபின், புதைத்த இடத்தைக்கூடக் குடும்பத்தார் வெளியே சொல்லவில்லை. அப்படிப்பட்டவருக்கு மலையளவு முகமா? லகோட்டா அருளாளர் ஜான் லேம் டியர், காட்டு மலையொன்றைச் சிலையாக்குவது கிரேஸி ஹார்ஸின் ஆன்மாவுக்கே எதிரானது என்று 1972இல் வெளியான தன் வாழ்க்கை நூலில் கண்டித்தார்.

ஸ்டாண்டிங் பேரின் வேதனை புரிந்துகொள்ளக்கூடியது. பறித்தவர்களின் முகங்கள் தாய்மலையில் எழும்போது, நம் முகமும் எங்காவது எழட்டும் என்று கேட்பது தன்மானத்தின் குரல். ஆனால் அந்தப் பதில், வென்றவரின் மொழியிலேயே சொல்லப்பட்ட பதில். வரலாற்றை மலைமேல் எழுதும் போட்டியில் இரண்டாம் எழுத்தாக அது நிற்கிறது. போட்டிக்கே வராத இடங்கள் பிளாக் ஹில்ஸில் இன்னும் இருக்கின்றன. பயணி அவற்றையும் தேடிப் போனால்தான் கேள்வியின் மறுபாதி விளங்கும்.

நீடில்ஸ் சாலை அப்படி ஒன்று. சிற்பி வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஊசிப்பாறைகளுக்கிடையே, ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கங்கள் வழியாக அது போகிறது. மெலிவே அவற்றைக் காத்தது. அருகே 7,242 அடி உயரமுள்ள சிகரம். லகோட்டா அருளாளர் பிளாக் எல்க் சிறுவயதில் தன் பெரும் தரிசனத்தில் நின்றதாகச் சொன்ன இடம் அது. 1855இல் லகோட்டாக்களைப் படுகொலை செய்த படையின் தளபதி ஹார்னியின் பெயரில்தான் அது நெடுங்காலம் வழங்கியது. 2016இல் பிளாக் எல்க் சிகரம் ஆனது. வடக்கே பேர் பியூட் மலையில், மரக்கிளைகளில் கட்டிய வண்ணத் துணிகள் ஆடுகின்றன. நேர்ந்துகொண்டவர்கள் கட்டியவை, தொடவேண்டாம் என்று வருவோரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். மேற்கே வயோமிங்கில் டெவில்ஸ் டவர் பாறையில், தொல்குடிச் சடங்குகள் நடக்கும் ஜூன் மாதத்தில் ஏறாதிருக்கும்படி தேசியப் பூங்காத் துறை 1995 முதல் வேண்டிக்கொள்கிறது. இதை எதிர்த்து ஏறுநர்கள் தரப்பு வழக்குப் போட்டது. கட்டாயமற்ற வேண்டுகோள் செல்லும் என்று 1998இல் நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் அந்த மாதத்தில் ஏறுவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒரு விலகலை வேற்று மதத்தார் தாமாக ஏற்பது, மதச்சார்பற்ற நாடு புனிதத்துக்குத் தரக்கூடிய கண்ணியமான மரியாதை.

கிழக்கே பேட்லாண்ட்ஸ் பாலைச் சரிவுகள் ஆண்டுக்கு ஓர் அங்குலம் கரைகின்றன. ரஷ்மோர் கிரானைட் ஓர் அங்குலம் தேய 10,000 ஆண்டுகள் ஆகும். நிலைப்பதுதான் புனிதம் என்றால் பேட்லாண்ட்ஸுக்கு மதிப்பே இருக்கக் கூடாது. ஆனால் 1890இல், இழந்த உலகம் திரும்பட்டும் என்று லகோட்டாக்கள் ஆவி நடனம் ஆடியது அந்தக் கரையும் மண்மேட்டின் மேல்தான். அந்த டிசம்பர் 29இல் ஊண்டட் நீயில் படையினர் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக்கொன்றார்கள்.

பிளாக் ஹில்ஸின் நடுவே பெ ஸ்லா என்னும் புல்வெளி. பாறை இல்லை, சிற்பம் இல்லை, வெறும் புல். லகோட்டாக்களுக்கு அது மலைகளின் இதயம். 2012இல் அது விற்பனைக்கு வந்தபோது, இழப்பீட்டுப் பணத்தைத் தொட மறுத்த அதே மக்கள், சூ இனக்குழுக்களாகச் சேர்ந்து 1,942 ஏக்கரை 90 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். தங்களுடையதைத் தாங்களே காசு கொடுத்து வாங்குவது நியாயமா என்று உள்ளேயே கேட்டார்கள். சடங்கு செய்ய இடம் வேண்டும் என்ற தேவை வென்றது. இன்று அங்கே பைசன்கள் மேய்கின்றன.

இதைவிட நேரான வழி ஒன்றும் இருந்தது. செனட்டர் பில் பிராட்லி 1985இலும் 1987இலும் கொண்டுவந்த மசோதா, பிளாக் ஹில்ஸில் மத்திய அரசின் கையிலுள்ள சுமார் 13 லட்சம் ஏக்கரைத் திருப்பித் தரச் சொன்னது. தனியார் நிலங்களைத் தொடவில்லை. ரஷ்மோரையும் அரசிடமே விட்டது. முகங்கள் அவர்களுக்கு, மலைகள் இவர்களுக்கு என்ற அந்தப் பங்கீட்டில் இரு சமயத்துக்கும் இடம் இருந்தது. மசோதா நிறைவேறவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர இன்றைய நாடாளுமன்றத்துக்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை. சுரங்க வாயிலில் காரை நிறுத்தி நால்வரை வியக்கும் குடிமக்கள், தங்கள் செனட்டர்களிடம் அதைக் கேட்கலாம்.