வரப்பில்லாத வயல்

“வயலுக்குக் காவல் வைப்பது குற்றமா?” என்று கேட்டார் நண்பர்.

விண்வெளிக்கென்று அமெரிக்கா தனிப்படை அமைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குற்றம் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படை 2019 டிசம்பர் 20-ல் பிறந்தது. பிறக்குமுன் அங்கே பெரிய வாதம் நடந்தது. விமானப்படைக்குள்ளேயே இருந்தால் பணமும் பதவியும் விமானங்களுக்கே போய்விடும் என்றனர் ஒரு சாரார். 1947-ல் தரைப்படையிலிருந்து விமானப்படை பிரியவில்லையா என்றும் கேட்டனர். 2017-ல் ராணுவ மந்திரியாயிருந்த மாட்டிஸ் எதிர்த்தார். நிர்வாகச் சுமை கூடும் என்பது அவர் கவலை. இரண்டிலும் நல்ல கணக்கு இருக்கிறது. தர்மத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

படை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பகைவனும் வேண்டும் என்பது என் பயம். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. படை பிறக்குமுன்பே, 2007-ல் சீனா தன்னுடைய பழைய செயற்கைக் கோள் ஒன்றைத் தகர்த்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின. அமெரிக்காவும் 1985-லும் 2008-லும் அவ்வாறே செய்தது. 2019 மார்ச்சில் நாமும் செய்தோம். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் செய்ததால் துண்டுகள் சீக்கிரம் விழுந்துவிடும் என்று சமாதானம் சொன்னோம். சமாதானம் தேவைப்பட்டதே, அதைத்தான் நான் நினைக்கிறேன்.

2021 நவம்பரில் ருஷ்யாவின் முறை வந்தது. சிதறிய துண்டுகளுக்கு அஞ்சி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் கலங்களுக்குள் ஒடுங்கினார்கள். அந்த ஏழு பேரில் இருவர் ருஷ்யர்கள்!

மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல் விழும் என்பார்கள் நம் பாட்டிமார். பூமியில் உடைந்த வாள் போர்க்களத்திலேயே கிடக்கும். அங்கே உடைந்த ஆணிகூட விநாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குக் கொடி தெரியாது. எய்தவன் யார் என்றும் தெரியாது.

அது வரப்பில்லாத வயல். எந்த நாடும் அதை உரிமை கொண்டாடக் கூடாது என்று 1967-ல் உடன்படிக்கை செய்தார்கள். அணுகுண்டு போன்ற பேரழிவு ஆயுதங்களைப் பூமியைச் சுற்ற விடக்கூடாது என்றும் எழுதினார்கள். மற்ற ஆயுதங்களுக்கு அந்தத் தடையை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

தனிப்படை வைத்த அமெரிக்காவே 2022 ஏப்ரலில், இனி இப்படி ஏவுகணை விட்டுச் செயற்கைக் கோளைத் தகர்த்துச் சோதனை செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தது. எனக்கு அந்தப் படையைவிட இந்த வாக்குத்தான் பெரிய காவலாகப் படுகிறது.

“மற்றவன் வாக்குக் கொடுக்காவிட்டால்?” என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. காவற்காரன் இருக்கட்டும்; கண் விழித்துப் பார்க்கட்டும். ஆனால் கவண்கல்லைக் கையில் எடுக்குமுன், அது விழப் போவதும் தன் வயலில்தான் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும்.