காடவர்கோன் காத்திருக்கட்டும்

பிரான்சின் நடுப்பகுதியில் லிமூசென் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. கி.பி. 994இல் அங்கே உடலைத் தீயாய் எரிக்கும் ஒரு நோய் பரவியது. பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்றதால் வந்தது என்று இன்று விளக்குகிறார்கள். அன்றைய சனங்கள் லிமோஜ் நகரில் புனித மார்சியாலின் திருப்பண்டங்களை வெளியே எடுத்துச் சுமந்துபோய் அழுது வேண்டினார்கள். அந்த வழக்கம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பவனியாக இன்றைக்கும் நடக்கிறது. 2009ஆம் ஆண்டுப் பவனிக்கு உள்ளூராட்சிச் சபைகள் மானியம் கொடுத்தபோது, அது சட்டத்துக்கு மாறானது என்று வழக்குப் போட்டார்கள். 2013 பெப்ரவரி 15ஆம் திகதி, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா தீர்ப்புச் சொன்னது. பவனி பழைய மரபுதான், வெளியூராரை இழுக்கிறதுதான். ஆனாலும் திருப்பண்டங்களை வணங்குவதற்காகச் சுமந்து செல்வது வழிபாடு, வழிபாட்டுக்குப் பொதுப்பணம் கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ அதே பவனியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த இரண்டில் பவனிக்குக் கூடுதல் மரியாதை செய்தது எது? நீதிமன்றம் என்றுதான் நான் சொல்வேன். பட்டியல், அந்தச் சனங்களின் கைகளில் இருப்பதை மரபு என்று சொல்லிப் பாராட்டியது. தீர்ப்போ, அவர்கள் செய்வது வழிபாடு என்று ஒப்புக்கொண்டது. காசு இல்லையென்று சொன்ன வாய்தான் கடவுள் இருக்கிற இடத்தைச் சரியாகக் காட்டியது.

பாரிஸின் லாச்சப்பலில் இருந்துகொண்டு லிமூசெனைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் எங்கள் தேர். ரூ பஜோல் 17ஆம் இலக்கத்தில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் தேரேறி வீதிக்கு வருவார். நாதஸ்வரமும் தவிலும் முன்னே போகும். கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், காவடிகள், வடம் பிடிக்கிறவர்கள், கடை வாசல்களில் மலைபோலக் குவிந்த தேங்காய்கள். அவை ஒவ்வொன்றாய்ச் சிதறி இளநீர் ஓரக் கால்வாயில் ஓடும். கடைக்காரர் போவோர் வருவோருக்கெல்லாம் மோரும் சர்பத்தும் கொடுப்பார்கள். பொலிஸ் வீதியை மூடித் தருகிறது. தேர் கடந்ததும் நகரசபையின் பச்சை வண்டிகள் வந்து சிரட்டைகளை அள்ளுகின்றன.

பொலிசும் துப்புரவும் மானியம் இல்லையா என்று யாரேனும் கேட்கலாம். இல்லை. 1905 டிசம்பர் 9ஆம் திகதிச் சட்டத்தின் முதலாம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், பொது ஒழுங்கு கெடாத வரைக்கும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் காக்கிறது. வீதியைக் காப்பது அந்தக் கடமையில் சேர்ந்தது. இரண்டாம் பிரிவுதான் கதவைச் சாத்துகிறது: குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்தாருக்கும் சம்பளமோ மானியமோ தராது. வடம் பிடிக்க இடம் உண்டு, வடம் வாங்கக் காசு இல்லை. இதை நான் நியாயமான பங்கீடு என்று நினைக்கிறேன்.

ஆனால் எங்களுக்குள்ளேயே சிலருக்கு இதில் மனக்குறை. தேரைப் பண்பாட்டு விழா என்று பெயர் மாற்றினால் என்ன, பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் வேற்றினத்தவர்தானே, பிரேசில்காரர் ஆடுகிற ஆட்டத்துக்குக் கொடுக்கிற காசை எங்களுக்கும் தரலாமே என்பார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை. செலவு எவ்வளவென்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கும் கணத்தில் நாங்கள் பிள்ளையாரை என்ன செய்கிறோம்? அவர் ஊர்வலத்தின் நடுவில் வைத்த ஓர் அலங்காரம் என்று ஒப்பமிடுகிறோம். வெயிலில் வெறுங்காலோடு தார் வீதியில் கற்பூரச் சட்டி ஏந்தி வருகிற பெண், யுத்தத்தில் காணாமற்போன மகனுக்காக நேர்ந்து வருகிறாள். அவளைக் கலைஞர் என்று படிவத்தில் எழுத எனக்குக் கை வராது.

இலங்கைக் கோயில்களில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுவோம். தேவாரத்தில் தொடங்கிப் பெரியபுராணத்தில் முடியும். அந்தப் பெரியபுராணத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் பூசலார் கதை. திருநின்றவூர்ப் பூசலாருக்குச் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை; கையில் பொருள் இல்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, சிகரம் வைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் என்ற அரசன் பெரும் பொருள் செலவிட்டு எழுப்பிய கற்றளிக்கும் குடமுழுக்கு. முதல் நாள் இரவு இறைவன் அரசன் கனவில் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறொரு நாளில் வை என்றார்.

இந்தக் கதையை ஏழையின் பக்திக்கும் அரசனின் ஆடம்பரத்துக்கும் நடந்த போட்டியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இறைவன் காஞ்சிக் கற்றளியை வேண்டாமென்று சொல்லவில்லை. நாளைத்தான் தள்ளிவைக்கச் சொன்னார். அரசனின் பொருளும் கோயிலுக்கு வரலாம். ஆனால் ஒருவர் தன் நெஞ்சிலிருந்து கொடுத்ததன் பின்னால்தான் வரவேண்டும். இந்த வரிசையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வரிப்பணம் எவ்வளவு நல்ல வேலைக்குப் போனாலும் அது காணிக்கை ஆகாது. கொடுத்தவருக்கு யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் தேருக்கு லியோனில் இருக்கும் ஒரு நாத்திகரின் வரியில் ஒரு காசு போனாலும், அந்தக் காசு அவரிடமிருந்து பறித்தது. பிள்ளையாருக்கு அது எதற்கு?

இத்தோடு நிறுத்தினால் வரலாற்றுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். அந்தப் பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழாரே சோழப் பேரரசின் அமைச்சர் என்று சொல்வது மரபு. நாங்கள் ஓதுகிற தேவாரம் தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்து செல்லரித்தது என்றும், சோழ மன்னன் வந்துதான் கதவு திறந்தது என்றும் திருமுறை கண்ட கதை சொல்கிறது. கதையை விட்டாலும் கல்வெட்டு இருக்கிறது. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேரை இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்த இடத்துக்கு வரவேண்டும், அவர் தகுதியில்லாதவராயின் தகுதியான ஒருவரைத் தெரிய வேண்டும் என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்தான். ஆடல் மகளிர் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். கலைக்கு அரசு கொடுத்த மானியத்துக்கு இதைவிடத் துல்லியமான கணக்கை நான் கண்டதில்லை.

அந்தக் கல்வெட்டை வாசிக்கும்போது எனக்கு நன்றிதான் வருகிறது. அந்த 48 தொண்டைகளின் வழியாகத்தான் பண்கள் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு வந்தன. ஆனால் வழிபாடு, கலை, அரசு என்று மூன்று கயிறுகளை அந்தக் கோயில் ஒரே முடிச்சாகப் போட்டது. அதனால் அரசு சாய்ந்தபோது பாட்டும் ஆட்டமும் அதனோடு சாய்ந்தன. அந்த ஆடல் மகளிரின் பின்வந்தோர் பட்ட பாடும் தெரிந்ததே. இன்றைய தமிழ்நாட்டில் அறநிலையத்துறை ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகிறது. 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமனம் பெற்றார். கோயிலைத் தன் போக்கில் விட்டிருந்தால் அது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பண் பாடுகிற பெண்ணாகிய நான் அந்த நியமனத்தை மறுத்துப் பேச மாட்டேன். அரசு பக்கத்தில் வந்தால் கெட்டுவிடும் என்ற வாதமும் எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே பிரான்ஸ் எழுப்பிய சுவரும் எல்லாப் பக்கமும் ஒரே உயரம் இல்லை. 1905க்கு முந்திய தேவாலயங்கள் பெரும்பாலும் ஊர்ச் சபைகளின் சொத்து, பேராலயங்கள் பெரும்பாலும் அரசின் சொத்து. பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. 2019 ஏப்ரல் 15இல் எரிந்த நோத்ர தாம் 2024 டிசம்பரில் திறந்தபோது, அந்த வேலையை நடத்தியது அரசு அமைத்த நிறுவனம். பணம் உலகெங்கும் இருந்து வந்த நன்கொடை என்றாலும் வீட்டுக்காரர் அரசுதான். அல்சாஸ்-மோசெலில் 1905ஆம் ஆண்டுச் சட்டமே இல்லை. அந்த நிலம் அப்போது ஜெர்மனியிடம் இருந்ததால், கத்தோலிக்க, இரு புரட்டஸ்தாந்து, யூத குருமாருக்கு இன்றும் அரசு சம்பளம் கொடுக்கிறது. பிந்தி வந்தவர்களுக்கு, எங்களைப்போல வாடகைக் கட்டடத்தில் கடவுளை இருத்தியவர்களுக்கு, இந்த வரலாற்றுச் சலுகை எதுவும் இல்லை. இது சமமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பரிகாரமாக நான் காசு கேட்க மாட்டேன். தடைகள் இல்லாமல் கோயில் அமைக்க இடம், அவ்வளவே போதும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரூ ஸ்தெபென்சனில் பாரிஸ் நகரசபை உருவாக்கிய இஸ்லாமியப் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. கண்காட்சிக் கூடம் பொதுப்பணத்தில். அதே கட்டடத்தில் இருக்கும் தொழுகைத் தளம் அதிலிருந்து பிரித்து வைத்தது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கணக்கு. சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கோ அந்தக் கோடு நேர்மையாகத் தெரிகிறது. தொழுகிறவரைத் தொழுகிறவராகவும் படம் பார்க்க வந்தவரைப் படம் பார்க்க வந்தவராகவும் அது விட்டு வைக்கிறது.

இனி என் சொந்தக் கோடு. நான் இங்கே பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக் கொடுக்கிறேன். எங்களுடையது 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த ஒரு சின்னச் சங்கம். மானியம் கேட்பதற்கு செர்ஃபா 12156 என்றொரு படிவம் உண்டு. 2022 முதல் அதோடு குடியரசின் கொள்கைகளை மதிப்போம் என்ற உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். பிரெஞ்சில் எழுதித் தருகிற தம்பி இங்கே பிறந்த பிள்ளை, நல்லவன். அவன் சொன்னான்: “அன்ரி, தேவாரம் எண்டு போட்டா மதம் எண்டு தள்ளிப்போடுவினம். பழைய நாட்டார் பாட்டு எண்டு எழுதுவம்.” நான் சொன்னேன்: “இல்லையப்பு. சிவனைப் பாடின பாட்டு, 7ஆம் நூற்றாண்டு, பண் நட்டபாடை எண்டு உள்ளதை எழுது. சொல்லிக் குடுக்கிறது பாட்டு எண்டும் எழுது.”

இந்த இரண்டும் முரண் இல்லை என்பதற்கு மேற்கே ஆஞ்சேக்குப் பக்கத்துத் திரெலாசே ஊர் ஒரு சான்று. அந்த ஊர்ச் சபை தேவாலயத்தில் வைக்க ஓர் ஓர்கன் வாங்கியது. 2011 ஜூலை 19இல் அதே கொன்செய் தெத்தா, இசைக் கல்விக்கும் கச்சேரிக்கும் பயன்படுகிற கருவியை ஊர் வாங்கலாம், பங்குக்காரர் பூசைக்கு வாசிப்பதென்றால் அதற்கு ஈடான பங்கைத் தரவேண்டும் என்றது. ஓர்கன் பாக்கின் இசையை வாசிக்கும்போது அந்த இசையில் இருக்கும் கடவுளை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. தேவாரத்துக்கு மட்டும் நாங்கள் ஏன் முகமூடி போடவேண்டும்? சுரத்தானம் பிடிக்கக் கற்பது, தாளம் விடாமல் நிற்பது, ழகரத்தை நழுவ விடாமல் சொல்வது: இவை பயிற்சி. இதற்கு நகரசபை மண்டபம் தரலாம், சுருதிப் பெட்டி வாங்க உதவலாம். தேருக்கு முன்னால் போய்ப் பிள்ளைகள் பாடும் நாளின் செலவு பெற்றோருடையது. அந்தச் செலவைப் படிவத்தில் எந்தத் தலைப்பின் கீழும் நான் எழுத விடமாட்டேன்.

வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டார் கத்தோலிக்கர். தாய் என்னிடம், “பாட்டை வடிவாப் பழகட்டும் அக்கா, எங்கட வீட்டில அது சங்கீதம்” என்றார். பக்கத்தில் இருக்கிற பிள்ளை பாடுவதற்கு முன் திருநீறு பூசிக் கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே பதிகத்தை ஒரே சுருதியில் பாடுகின்றன. முதல் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த அதே கணக்கோடு இரண்டாவது பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். கண்ணை மூடச் சொல்வதும் இல்லை, திறக்கச் சொல்வதும் இல்லை. நகரசபையிலிருந்து யாராவது வந்து பார்த்தால் இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருத்திக் காட்டுவேன்.