திரும்பி வருகிறவனுக்கு யார் கதவைத் திறக்கிறார்கள்

கென்னடி ரையன் எழுதிய 'பிஃபோர் ஐ லெட் கோ' நாவலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் படித்தேன். எழும்பூரில் ஆரம்பித்தது, காரைக்குடி வரும்போது பாதி தாண்டியிருந்தது. மிச்சத்தை வீட்டில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து முடித்தேன். காதல் நாவலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ரமணிசந்திரன் நாவல்களை அம்மாவுக்குத் தெரியாமல் படித்து வளர்ந்தவன் நான்.

2022இல் வந்த நாவல். யாஸ்மினும் ஜோசையாவும் விவாகரத்தான தம்பதி. அட்லாண்டாவில் சேர்ந்து ஓர் உணவகம் நடத்துகிறார்கள், இரண்டு பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். வயிற்றிலேயே இறந்த ஒரு குழந்தை, ஜோசையாவை வளர்த்த அத்தையின் மரணம் என்று இழப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. அவள் மன அழுத்தத்தில் விழுகிறாள், அவன் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். விவாகரத்தைக் கேட்டவள் அவள்தான். பிறகு மெதுவாக, சிகிச்சை, சண்டை, பொறாமை எல்லாம் தாண்டித் திரும்பச் சேருகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வகைக்கே 'செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ்' என்று பெயர். சேருவார்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தும் படிக்கிறோம்.

எனக்கு இதைப் படிக்க ஒரு காரணம் இருந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி பரஸ்பர விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறாள். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 13பி பிரிவின்படி, மனு போட்ட பிறகு குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, நீதிமன்றம் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. இவள் விஷயத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. நான்காவது மாதத்தில் அவன் போன் செய்து, "இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமா" என்று கேட்டிருக்கிறான். அவள் என்னைக் கேட்டாள். ஏன் என்னைக் கேட்டாள் என்று தெரியவில்லை. ஒருவேளை நான் பதில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்திருக்கும்.

நாவல் முடிந்ததும் எனக்கு வந்த முதல் நினைவு கண்ணகி. எங்கள் ஊர்ப்பக்கம் அது தூரத்துக் கதை இல்லை. நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனிக் குடித்தனமாக 'வேறு வைக்கிற' வழக்கம் இங்கே இருக்கிறது. சிலப்பதிகாரத்திலும் கோவலனின் தாய் இருவரையும் அப்படித்தான் தனியே குடிவைக்கிறாள்.

கோவலன் மாதவியை விட்டுத் திரும்பி வருவதற்குச் சற்றுமுன், தேவந்தி கண்ணகியிடம் ஒரு வழி சொல்கிறாள்: குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனைச் சேரலாம். அது பெருமையில்லை என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. அடுத்த நிமிஷம் அவன் வாசலில். குலம் தந்த செல்வமெல்லாம் போய்விட்டது, வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்தபடி, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்தே அவள் அப்படிச் சொன்னதாக உரை சொல்கிறது. அதாவது அவன் திரும்பி வந்துவிட்டான் என்பதே அந்த நொடியில் அவளுக்குத் தெரியாது. நம் இலக்கியத்தின் மிகப் பெரிய 'இரண்டாவது வாய்ப்பு', கொடுத்தவளுக்கே தெரியாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது!

அவள் மனதில் இருந்தது மதுரையில்தான் வெளியே வருகிறது. ஆயர் வீட்டில் சமைத்து, வாழைக் குருத்தில் அவனுக்குச் சோறு போட்ட பிறகு. அவன் தன் தப்புகளையெல்லாம் சொல்லி, நான் கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று உருகுகிறான். நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போனது, உங்கள் பெற்றோர் வந்தபோது பொய்யாகச் சிரித்து என் நோவை மறைத்தேன், அதைக் கண்டு அவர்கள் வருந்தினார்கள், நீங்கள் செய்தது உயர்ந்தவர்கள் விரும்பாத ஒழுக்கம் என்கிறாள். அன்றைக்கே அவன் கொலைப்படுகிறான். அந்தப் பேச்சுக்குப் பிறகு இருவரும் ஒரு மாதம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் எனக்குக் காப்பியத்தைவிடப் பெரிய கேள்வி.

ஹன்னா ஆரென்ட் 1958இல் எழுதிய 'மனித நிலை' நூலில் ஓரிடத்தில், தண்டிக்க முடியாததை மனிதர்களால் மன்னிக்கவும் முடியாது என்கிறார். இது இல்லாமல் நாவலின் விவாகரத்து எனக்குப் புரிந்திருக்காது. யாஸ்மினுக்குத் தனி வருமானம் உண்டு, வீடு உண்டு, கையில் தீர்ப்பு உண்டு. அவள் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம், ஒருமுறை சொல்லியும் காட்டியவள். அதனால்தான் அவளுடைய "சரி"க்கு எடை இருக்கிறது. கண்ணகியால் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா? மதராஸ் மாகாணத்தில் இந்துப் பெண்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்ததே 1949இல்தான்.

இங்கேதான் எங்கள் தெருவின் ஆச்சி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். இப்போது இல்லை. ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன செட்டியார்களுக்கு வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்து, திரும்பப் போவார்கள். சிலருக்கு அங்கேயும் குடும்பம் இருந்தது. ஆச்சியின் கணவருக்கும் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தபோது அவர் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். சின்ன வயதில் நான் விவரமில்லாமல் கேட்டேன், "அவரு வந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க ஆச்சி?"

"வந்தாக. சோறு போட்டேன்."

அவ்வளவுதான். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

இதையெல்லாம் தோழியிடம் ஒரே மூச்சில் சொன்னேன். மறுக்க முடியாதவளின் மன்னிப்பு மன்னிப்பே இல்லை, ஆச்சி தந்தது இரண்டாவது வாய்ப்பே இல்லை, உன்னால் மறுக்க முடியும், அதனால் நீ தருவது மட்டும்தான் நிஜம் என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி முடித்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆச்சி மன்னிச்சேன்னு சொன்னாங்களா?"

இல்லை.

"அப்புறம் நீ ஏன் அதுக்கு மன்னிப்புன்னு பேர் வச்சு, அப்புறம் அது மன்னிப்பு இல்லைன்னு நிரூபிக்கிற?"

பதில் இல்லை. யோசித்தால், அந்த ஆச்சி ஒன்றும் கையாலாகாதவர் இல்லை. பிறந்த வீட்டுச் சீர், வெள்ளி, வட்டிக்கு விட்ட பணம் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. வீட்டுச் சாவி அவர் இடுப்பில். ஆனால் கோயிலில் புள்ளி என்பது தம்பதியாகத்தான் கணக்கு. வெளியே அனுப்பியிருந்தால் ஊரில் அவர் யார்? சோறு போட்டார், ஆனால் அதற்குமேல் என்ன கொடுத்தார், என்ன கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை அவர் அந்தப் பெரியவரிடம் பேசி நான் பார்த்ததே இல்லை. இப்போதுதான் அது உறைக்கிறது. அந்த வளவில் மௌனம்தான் அவர் கையில் இருந்த தண்டனை என்றால், ஆரென்ட் சொன்னபடியே மன்னிக்கவும் அவரால் முடிந்திருக்கும். அவர் மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாவலில் எனக்கு இடறியதும் இதனருகேதான். ரையன் எல்லாவற்றையும் பேச வைத்துவிடுகிறார். சிகிச்சையாளர் அறையில் ஒவ்வொரு காயத்துக்கும் சொல் கிடைத்துவிடுகிறது. கம்பெனியில் ஒரு கோளாறு நடந்தால் அப்புறம் உட்கார்ந்து காரணம் எழுதி, இனி நடக்காது என்று மூடிவிடுவோம், அது மாதிரி. ஆனால் அம்மா மேல் மகள் டேஜா வைத்திருக்கும் கோபம் இருக்கிறதே, அது நிஜம். அப்பாவை வெளியே அனுப்பினவள் நீதானே என்று அந்தப் பெண் பொரிந்து தள்ளுகிற பக்கங்களை இரண்டு தடவை படித்தேன்.

தோழிக்கு அடுத்த வாய்தா வருகிற மாதம். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். "சோறு போடலாம்னு தோணுது, அதுக்கு மேல தெரியல" என்றாள். நாவலைக் கேட்டாள், கிண்டிலோடு கொடுத்திருக்கிறேன்.