ஒட்டுப் போடத் தெரிதல்

அரபு மொழியில் 'ருக்அத்' என்றொரு சொல் உண்டு. தொழுகையின் 'ரக்அத்'தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது; எழுத்தும் வேறு, வேரும் வேறு. கிழிந்த ஆடையின்மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத் துணிக்கும் ருக்அத் என்றே பெயர். சிறு தாள் துண்டுக்கும் அதுவே பெயர். இவ்வேரிலிருந்து பிறந்த சொல்தான் 'முரக்கஃ'. ஒட்டுப் போடப்பட்டது என்பது அதன் பொருள்.

வரலாற்றில் இப்பெயரைத் தாங்கிய பொருள்கள் இரண்டு. கந்தல்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து ஸூஃபியாக்கள் உடுத்திய அங்கி ஒன்று. பல கைகள் எழுதிய எழுத்தோவியங்களையும் தீட்டிய சித்திரங்களையும் வெட்டி ஒட்டி மன்னர்கள் தொகுத்த ஏடு மற்றொன்று. ஜஹாங்கீர் பாதுஷாவுக்கெனத் தொகுக்கப்பட்ட 'முரக்கஏ குல்ஷன்' அவ்வேடுகளில் பெயர் பெற்றது. ஹிராத்தின் எழுத்தோவியர் மீர் அலீயின் எழுத்துகளும், முகலாய ஓவியர்களின் படங்களும், ஐரோப்பிய அச்சுப் படங்களும் அந்த ஒரே ஏட்டில் அண்டை வீட்டாராகக் குடியிருக்கின்றன. ஏழையின் அங்கிக்கும் ஏந்தலின் ஏட்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது சிந்திக்கத்தக்கது. இரண்டும் துண்டுகளால் ஆனவை. இரண்டிலும், துண்டை வெட்டியவன் ஒருவன், ஒட்டியவன் வேறொருவன்.

இன்று பள்ளிகளில் பிள்ளைகள் செய்யும் ஒட்டுச் சித்திரம் இவ்விரண்டின் தங்கை எனலாம். 'கொலாஜ்' என்னும் பிரெஞ்சுப் பெயருக்கு ஒட்டுதல் என்பதே பொருள். 1912ஆம் ஆண்டில் பிக்காஸோவும் பிராக்கும் செய்தித்தாள் துண்டுகளையும் சுவர்த்தாள் துண்டுகளையும் தம் படங்களில் ஒட்டத் தொடங்கிய பின்னர் இது ஓவியக் கலையின் ஒரு பிரிவாகவே நிலைபெற்றது. திருத்தணி போன்ற எல்லையோர ஊரில் இக்கலைக்குக் கச்சாப் பொருள் பஞ்சமில்லை. பழைய நாட்காட்டித் தாள், திருமண அழைப்பிதழ், தமிழிலும் தெலுங்கிலும் அச்சான சுவரொட்டி, தையற்கடையில் தரையில் கிடக்கும் வெட்டுத்துணி, இவை போதும். கோந்துப் புட்டி ஒன்று இருந்தால் வேலை தொடங்கிவிடும்.

ஆனால் வேலை முடிவதில்லை. வகுப்பறைகளில் நாம் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இது. கவனக்குறைவான மாணவன் படத்தை முடித்துவிட்டு விளையாடப் போகிறான். வகுப்பிலேயே கெட்டிக்காரியான மாணவியோ ஓரம் கோணிவிட்டதென்று துண்டை உரிக்கிறாள். உரித்த இடம் அழுக்காகிவிட்டதென்று அட்டையைக் கிழிக்கிறாள். புது அட்டை கேட்கிறாள். மணி அடிக்கும்போது அவள் கையில் இருப்பது வெற்று அட்டை. கண்ணில் இருப்பது நீர். திறமை இல்லாமையால் வந்த தோல்வியன்று இது. குறையே இருத்தலாகாது என்னும் எண்ணம் திறமையை விழுங்கிய தோல்வி.

ஒட்டுச் சித்திரத்தில் இவ்வெண்ணம் புகுவது இரட்டிப்பு விந்தை. வெண்தாளில் கோடு இழுப்பவனாவது, கோடு முழுவதும் என் செயல் என்று உரிமை கொண்டாடலாம். துண்டுகளைக் கொண்டு செய்பவனுக்கு அவ்வுரிமை ஏது? துண்டின் நிறம் அச்சகத்தான் இட்டது. ஓரம் யாரோ கிழித்தது. மடிப்பு எவர் பையிலோ விழுந்தது. அவன் கைக்கு வருமுன்னரே அது ஒரு வாழ்வை வாழ்ந்து முடித்திருக்கிறது. அதனிடம் மாசற்ற முழுமையைக் கேட்பது, முதியவரிடம் முகச்சுருக்கம் ஏன் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இந்நோய் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் 'தல்பீஸு இப்லீஸ்' என்னும் நூலில் வஸ்வாஸ் என்னும் மன ஊசலாட்டத்தை விரிவாக ஆராய்கிறார்கள். ஒளூவில் உறுப்புகளை மும்முறை கழுவுவதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. ஊசலாடுபவனுக்கோ மூன்று போதுவதில்லை. இன்னொருவன் ஜமாஅத்தில் நின்றுகொண்டு முதல் தக்பீரைச் சரியாகக் கட்டவில்லையோ என்று ஐயுற்று, விட்டு, மறுபடி கட்டுகிறான், மறுபடியும் ஐயுறுகிறான். அதற்குள் இமாம் ருகூவுக்குச் சென்றுவிடுகிறார். தொடக்கத்தைப் பழுதறச் செய்ய முயன்றவன் தொழுகையின் பகுதியையே இழந்து நிற்கிறான். நம் மாணவியின் வெற்று அட்டைக்கும் இவனுடைய நிலைக்கும் வேற்றுமை என்ன?

அப்படியானால் சரியான ஒட்டு என்பது எது? இக்கேள்விக்கு நேரான விடையொன்று 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் பாரசீக நூலில் கிடைக்கிறது. அதனை இயற்றியவர்கள் பதினோராம் நூற்றாண்டினரான ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்கள், லாஹூரில் அடங்கியிருப்பவர்கள். தூஸ் நகரில் ஷைகு அபுல் காஸிம் குர்கானீ (ரஹ்) அவர்களிடம், ஒரு ஃபகீருக்குக் குறைந்த அளவு தேவையான தகுதி யாது என்று அவர்கள் வினவினார்கள். ஷைகு மூன்றைக் குறிப்பிட்டார்கள்: ஒழுங்காக ஒட்டுப் போடத் தெரிதல், ஒழுங்காகச் செவிமடுக்கத் தெரிதல், நிலத்தில் ஒழுங்காகக் கால் ஊன்றத் தெரிதல். உடனிருந்த தர்வேஷ்கள் தங்குமிடம் திரும்பியதும் ஆளுக்கொரு விளக்கம் கூறத் தொடங்கினர். ஹுஜ்வீரீ அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: அலங்காரத்துக்காக அன்றி, வறுமையின் தேவைக்காகத் தைக்கப்பட்டதே ஒழுங்கான ஒட்டு, தேவைக்காகத் தைத்தது கோணலாக இருந்தாலும் அது நேரானதே. இவ்விளக்கம் எட்டியபோது ஷைகு அதனை ஏற்றுப் பாராட்டினார்கள்.

இங்கு அளவுகோலே மாறிவிடுவதை நாம் கவனிக்க வேண்டும். தையல் நேரா கோணலா என்பதைக் கண் அளக்கும். தைத்தது எதற்காக என்பதை உள்ளம்தான் அளக்கும். ஓட்டையை மூட வந்த துணி ஓட்டையை மூடிவிட்டதா? குளிரைத் தடுத்ததா? அப்படியானால் அது தன் கடனைச் செய்துவிட்டது. என் கைத்திறனை உலகம் மெச்ச வேண்டும் என்று இட்ட ஒட்டோ, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தாலும் கோணலே.

'இது சோம்பேறிக்குச் சாக்காகிவிடாதா?' என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்யும் தொழிலைச் செம்மையாகச் செய்தலாகிய 'இத்கான்' நம் மார்க்கம் போற்றும் பண்பு. குர்ஆனைப் பிரதி எடுப்பவர் ஒரு புள்ளியையும் தவறவிடலாகாது. மருந்து நிறுப்பவரும், தராசு பிடிப்பவரும், பாலம் கட்டுபவரும் 'கோணலும் நேரே' என்று கூறிவிட முடியாது. அங்கெல்லாம் பிழையின் விலையைச் செலுத்துபவர் மற்றொருவர். ஆனால் இத்கான் வேறு, 'தகல்லுஃப்' என்னும் வலிந்த பாசாங்கு வேறு. இத்கான் பொருளை நோக்குகிறது: இந்தத் துண்டு இந்த இடத்தில் நிற்குமா, உதிருமா? தகல்லுஃப் தன்னையே நோக்குகிறது: இதைப் பார்ப்பவர் என்னை என்ன நினைப்பார்? கோந்தை நன்றாகத் தடவுவது இத்கான். ஒட்டிய பின்னர் ஓரத்தைப் பார்த்து அழுவது தகல்லுஃப்.

கோணலைக் காட்டிப் பெருமை தேடுவதும் இதே நோயின் மறுபக்கம்தான். நல்ல துணிகளை வேண்டுமென்றே வண்ணம் வண்ணமாகக் கிழித்து ஒட்டங்கி தைத்து உடுத்தித் துறவிப் பெயர் தேடியோரை இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் கடிந்துரைத்தார்கள். இன்று கிழித்தும் ஒட்டுப் போட்டுமே விற்கப்படும் கால்சட்டைகளைக் கடைகளில் காண்போருக்கு அக்கண்டனம் பழையதாகத் தோன்றாது. கம்பளம் நெய்வோர் முழுமை இறைவனுக்கே உரியதெனப் பணிந்து, தம் நெசவில் ஒரு பிழையை வேண்டுமென்றே விடுவதாக ஒரு கதை உலவுகிறது. கேட்க இனிய கதைதான். ஆயினும் ஒரு பிழையை வலிந்து விடுகிறவன், விடாவிட்டால் பிழையே இராது என்று நம்புகிறவனன்றோ? அது பணிவா, பணிவின் ஆடை உடுத்திய பெருமையா? மனிதக் கைக்குப் பிழையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அது தானே வரும்.

வந்த குறையோடு வாழ்ந்து காட்டியவர் ஒருவரை நம் நாட்டின் அண்மை வரலாற்றிலேயே காணலாம். சாந்திநிகேதனத்தின் ஓவியர் வினோத் விஹாரி முகர்ஜி 1904இல் பிறந்தவர். இளமை முதலே பார்வை குன்றியவர். இந்தி பவன் சுவரில் இடைக்காலப் பக்தர்களை 1947இல் தீட்டி முடித்த அவர், 1950களின் பிற்பகுதியில் கண் சிகிச்சை பலனளிக்காமல் பார்வையை முற்றிலும் இழந்தார். ஓவியனுக்கு அத்தோடு வாழ்வு முடிந்தது என்றே எவரும் கருதுவர். அவரோ வண்ணத்தாளை வெட்டி ஒட்டலானார். வெட்டிய ஓரம் நேரா என்று கண்ணால் சரிபார்க்க இனி வழியில்லை. விரல் சொல்வதை நம்புவதே வழி. 1972இல் ஓடுகளால் ஒரு பெருஞ்சுவர்ச் சித்திரத்தையும் உருவாக்கினார். அவ்வாண்டில் சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இட்ட பெயரின் பொருள் 'அகக்கண்'. பழுதற்ற ஓரத்துக்காகக் காத்திருந்தால் அவருடைய கை ஓய்ந்தே போயிருக்கும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களும் இங்கு நினைவுகூரத்தக்கவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களான இவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உளர். இவர்களின் பெண்கள் பழந்துணித் துண்டுகளால் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறது தையல். வரைபடம் இல்லை, அடுத்த துண்டு எதுவோ அதற்கேற்ப அடுத்த தையல். முடிவில் நான்கு மூலைகளிலும் 'பூ' என்று பொருள்படும் சிறு மடிப்புத் துண்டுகளை வைக்கிறார்கள். அது ஒன்றே அலங்காரம். மற்றதெல்லாம் குழந்தைக்குக் குளிராமல் இருப்பதற்காக.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் திருத்தணியே ஓர் ஒட்டுத் துண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே சென்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் பரிந்துரைத்தபடி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தார்கள். இருபுறமும் கிராமங்கள் கைமாறின. கேட்டது வேங்கடம், கிடைத்தது தணிகை. கோட்டுக்கு இப்பால் தெலுங்கு பேசுவோரும் அப்பால் தமிழ் பேசுவோரும் எஞ்சினர். எவருக்கும் முழு நிறைவு இல்லை. ஆயினும் பழுதற்ற கோடு கிடைக்கும்வரை காத்திருந்தால் கோடே பிறந்திராது, பூசலே வளர்ந்திருக்கும். இன்று ஒரே கடைவீதியில் இரு மொழிகளும் வாங்கி விற்று வாழ்கின்றன. தையல் கோணல்தான், துணி பிரியவில்லை.

ஆகவே, கோந்துப் புட்டியின் முன் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஓவியப் பாடம் மட்டுமன்று. அட்டையைக் கிழிக்கும் பழக்கம் அட்டையோடு நிற்பதில்லை. பிரிந்துபோன உடன்பிறந்தானுக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் சரியான சொல் அகப்படவில்லை என்று ஆண்டுக்கணக்கில் எழுதாமல் வைத்திருப்போர் நம்மிடையே எத்தனை பேர்! சொல் அகப்படும் நாளில் கடிதத்தைப் படிக்க அவன் இருப்பானா? உறவு கிழிந்த இடத்தில் புதுத் துணி நெய்து போட எவராலும் இயலாது. கையிலிருக்கும் துண்டை வைத்து, தெரிந்த தையலைப் போடலாம். ஓட்டை மூடினால் போதும். கோணலை இறைவன் அறிவான், நோக்கத்தையும் அவனே அறிவான்.