பயன் தரும் கல்வியும் குவாண்டம் கணிப்பொறியும்

கல்வி அனைத்தும் நன்றே. ஆயினும், எல்லாக் கல்வியும் எல்லார்க்கும் கடமையாகுமா? பயனற்ற கல்வியினின்று இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிபாயா, அதாவது ஊரில் சிலரேனும் கற்றாக வேண்டிய சமுதாயக் கடமை என வகுத்தார்கள். தேவைக்கு மேற்பட்ட நுணுக்கங்களில் ஆழ்வதையோ சிறப்பு என்றார்களேயன்றிக் கடமை என்றார்களில்லை.

இவ்வளவுகோல் இன்று நமக்குத் தேவைப்படுகிறது. 2023 ஏப்ரலில் இந்திய அரசு 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் செய்தித்தொடர்புப் பிரிவுக்குச் சென்னை ஐ.ஐ.டி. நடுவமாயிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடியிலோ பகலெல்லாம் உழைத்துப் பூவிருந்தவல்லிக்கு வீடு திரும்பும் பொறியாளர், மனைவி மக்களுக்குரிய மாலைப்பொழுதை இப்புதுக் கல்விக்கு ஈவது முறையா? இதுவே நம் வினா.

முதலில் பொருளை அறிவோம். நாம் பழகிய கணிப்பொறி, சுழி, ஒன்று என்னும் ஈரெண்களால் இயங்குவது. க்யூபிட் என்னும் குவாண்டம் அலகோ, அளந்து பார்க்கும்வரை அவ்விரண்டும் கலந்த நிலையில் இருக்கவல்லது. இதனைக் கேட்டதும், 'எல்லா விடைகளையும் ஒரே நொடியில் சோதிக்கும் பொறி' என மயங்குவோர் உளர். அளந்தால் கிடைப்பது ஒரு விடையே. தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும், சரியான விடையின் அலை ஓங்கவும் வழிவகுப்பதே இக்கலையின் உயிர். அதற்கு இடந்தரும் கணக்குகள் சிலவே. கடைப் பேரேட்டையோ சம்பளப் பட்டியலையோ இப்பொறி விரைவுபடுத்தப் போவதில்லை. இன்றைய பொறிகளில் பிழைகளும் மலிந்துள்ளன. மைக்ரான் கணக்கில் லேத்து வேலை பார்க்கும் தொழிலாளி, பிழையின் அளவறியாது பொருளை அனுப்பமாட்டார். அந்தக் கண்ணே இங்கும் வேண்டும்.

அவ்வாறாயின் பயன் எங்கே? 1994-இல் பீட்டர் ஷோர் என்னும் அறிஞர், பேரெண்களை விரைந்து பகாக் காரணிகளாக்கும் குவாண்டம் வழியைக் கண்டார். அக்காரணிகளைக் காண்பதன் அருமையையே நம்பி நிற்பவை, இன்று வழக்கிலுள்ள இரகசியப் பூட்டுகள் பல. அவற்றைத் திறக்கும் பேராற்றல் வாய்ந்த பொறி இன்னும் உருவாகவில்லை. ஆயினும், இன்று திருடிய பூட்டிய செய்தியைச் சேமித்து வைத்து, நாளை திறக்கலாமன்றோ? இதனை உணர்ந்தே, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் புதிய பூட்டு முறைகளுக்கு மூன்று தரங்களை வெளியிட்டது.

நோயாளியின் குறிப்பும் வங்கிக் கணக்கும் பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைக் காக்கும் பணியிலிருப்பவர்க்கு, பூட்டு எப்போது பழுதாகும், எதனைக் கொண்டு மாற்றுவது என அறிவது கடமையையே நெருங்கிவிடுகிறது. ஏனையோர்க்கு இது சிறப்பு. விரும்பின் கற்கலாம்; கல்லாமையால் குற்றமில்லை. சான்றிதழொன்றைப் பெயருக்குப் பின்னே தொங்கவிடவோ, புரியாத சொற்களால் பிறரை மருட்டவோ கற்பதாயின், அம்மாலைகளைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவது மேல்.

கற்கத் துணிந்தவர் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. அணிக்கணிதம், சிக்கலெண், நிகழ்தகவு ஆகியவற்றை முதலில் புதுப்பித்துக்கொள்ளட்டும். 20 க்யூபிட்டுகளின் நிலையைக் குறிக்க 10,48,576 எண்கள் போதும்; வீட்டுக் கணிப்பொறியே அதனைத் தாங்கும். கோட்பாட்டை ஏட்டோடு நிறுத்தாது, சிறு கணக்கொன்றை இயக்கி, விடையையும் பிழையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே செயலறிந்த பொறியாளர்.

'அல்காரிதம்' என்னும் சொல் அல்-குவாரிஸ்மீ என்னும் பெயரினின்று பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அப்பேரறிஞர், அல்ஜிப்ரா நூலை வாரிசுரிமைப் பங்கீட்டுக்கும் வணிகத்துக்கும் நில அளவைக்கும் உதவவே எழுதினார். நுண்கணிதமும் மனிதர் தேவையும் அவர் கையில் பிரிந்து நிற்கவில்லை. கற்கப் புகுமுன், 'இதனால் யாருடைய சுமை குறையும், யாருடைய உரிமை காக்கப்படும்?' எனக் கேட்போமாக. அதற்கு விடை இருப்பின், கல்வி எவ்வளவு கடினமாயினும் அதற்கீந்த மாலைப்பொழுது வீணாகாது.