வானமா, வாக்கியமா?

சென்னை வானாய்வகம் சமயத்துக்காகத் தோன்றியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த அது, மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் உதவுவதே அதன் வேலை. ஆனால் பஞ்சாங்கம் வழியாகச் சமயக் கேள்வி ஒன்று அதன் வாசலுக்கு வந்து சேர்ந்தது. சடங்குக்குரிய நேரத்தைச் சொல்ல வேண்டியது கண்ணுக்குத் தெரியும் வானமா, முன்னோர் வாய்பாடா?

அந்த வாய்பாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, வாக்கியம் எனப்படும் மனப்பாட வாய்பாட்டுத் தொடர்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டு பதிவு செய்தார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை சில நிமிடங்களே.

நுங்கம்பாக்கத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இரண்டு மரபுகளையும் அறிந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை விளக்கி, சித்தாந்தி ஒருவரும் பண்டிதர் ஒருவரும் உரையாடுவதாக நூல் எழுதினார். வானத்தோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேண்டும் என்பதே அவர் வாதம். சாஸ்திரத்தைத் தொலைநோக்கி திருத்துவதா என்று கேட்டவர்களும் உண்டு.

அந்த எதிர்ப்பு மரபையே மறந்த எதிர்ப்பு. கேரளத்தில் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துப் பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். அப்போது தொலைநோக்கியே இல்லை. மறுபக்கத்தில், திருவிழா என்பது ஊர் கூடி ஒத்துக்கொள்ளும் நாள். அதற்கு நிமிடத் துல்லியம் தேவையில்லை என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சனி எந்த ராசியில் நிற்கிறது என்பது ஊர் கூடி முடிவு செய்வதன்று.

பஞ்சங்களுக்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நோக்கோடு, 1899இல் சென்னை வானாய்வகத்தின் ஆய்வுப்பணி அன்றைய மதுரை மாவட்டத்துக் கோடைக்கானலுக்கு மாறியது. சூரியப் புள்ளிகளே அதன் கவனமாயின. பஞ்சாங்க வழக்கு வெளியே நின்றது.

அது இன்னும் தீரவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பத்துக்குப் பெயர்ந்த சனிக்கு, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20இல்.