கொரிந்து என்னும் தாள்



திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதப் புது மை வாங்கினால், அதைத் திறந்த கையோடு பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. கையில் கிடைக்கிற தாள்களில் எல்லாம் முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இந்த வாரம் அப்படிப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே மை, எழுதியதும் ஒரே பெயர்: இயேசு. செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினால், ஒவ்வொரு கோட்டிலிருந்தும் இருபுறமும் மெல்லிய இழைகள் கிளம்பி எழுத்து தடித்துப் போகிறது. பள்ளிக்கூட நோட்டில் மை மறுபக்கம் ஊறுகிறது. வழவழப்பான காலண்டர் தாளில் முத்து முத்தாக நிற்கிறது. நெடுநேரம் கழித்து விரல் பட்டாலும் இழுபட்டுக் கறையாகிறது. பதிவேட்டின் கடைசி வெற்றுத்தாளில்தான் எழுத்து எழுத்தாகவே இருந்தது.

மையில் குற்றமில்லை. தாள் என்பது நார்களின் பின்னல். நார்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும். அதை அடக்கத்தான் தாள் செய்கிறவர்கள் பசை சேர்க்கிறார்கள். முன்பு ஐரோப்பாவில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் தாளை முக்கி உலர்த்தினார்கள். இப்போது மாவுப்பசை போன்றவை. பசையே சேராதது மை ஒற்றும் தாள். அது கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஒன்றையும் வாசிக்க விடாது.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் மையைப் பற்றிப் பேசுகிறார். கொரிந்து நகருக்குச் சிலர் சிபாரிசுக் கடிதங்களோடு வந்திருந்தார்கள். அப்படியானால் பவுலின் கடிதம் எங்கே? நீங்களே என் கடிதம் என்கிறார் அவர். கிறிஸ்து எழுதிய கடிதம், மையால் அல்ல, வாழும் கடவுளின் ஆவியால் எழுதியது என்கிறார். அந்தக் காலத்து மை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்தப் பேச்சின் கனம் இன்னும் புரியும். விளக்குக் கரியைப் பிசினில் குழைத்துச் செய்வார்கள். அது பப்பிரசுத் தாளின் மேலேயே தங்கும், உள்ளே இறங்காது. ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். பவுலோ எழுத்தரை வைத்து எழுதியவர். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தில் தெர்த்தியு என்ற எழுத்தர் தம் பெயரையும் சேர்த்து வாழ்த்து அனுப்புகிறார். எழுதியதைத் துடைத்துத் திருத்துவதைப் பவுல் எத்தனையோ முறை அருகிலிருந்து பார்த்திருப்பார்.

சரி, கொரிந்து எப்படிப்பட்ட தாள்? நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று கட்சி கட்டியவர்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போட்டவர்கள். ஆண்டவரின் விருந்துக்கு வந்து, ஒருவர் பசியோடிருக்க இன்னொருவர் குடிவெறியில் கிடந்தார். பவுல் நினைத்திருந்தால் பிலிப்பியரைக் காட்டியிருக்கலாம். அவர்கள் நல்ல தாள். அவருடைய தேவைக்குப் பணம் அனுப்பித் தாங்கியவர்கள். ஆனால் கடிதம் என்று அவர் அழைத்தது கொரிந்தியரை. திருந்துங்கள், பிறகு கடிதம் ஆவீர்கள் என்று சொல்லவில்லை. இப்போதே நீங்கள் கடிதம், எல்லாரும் எடுத்து வாசிக்கிறார்கள் என்கிறார். விவிலியத்தில் என்னை இவ்வளவு தேற்றுகிற இடங்கள் குறைவு.

பதிவேட்டுக்கு நான் வாங்கியது இரும்பு மை. மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்கிற பழைய முறையிலிருந்து வந்தது. சீனாய் மலையின் புனித கத்தரீனம்மாள் மடத்தில் கிடைத்த 4-ஆம் நூற்றாண்டு விவிலியப் படியிலும் இந்த வகை மைதான், தோலின்மேல். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் படப்பட உள்ளே கறுத்து நாரோடு பிணைந்துகொள்ளும். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மையில் கலந்திருந்த நீலச் சாயம் கரைந்து ஓடியது. கறுப்பு அசையவில்லை.

வளர்ந்த பிள்ளைகள் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று என்னிடம் வந்து அழுகிற பெற்றோரே, திருமுழுக்கில் எழுதியது அழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இன்னும் கறுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகத் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதவும் வேண்டாம். வீட்டில் தினமும் திட்டு விழுந்தால் பிள்ளை இன்னும் தள்ளித்தான் போவான்.

இந்தப் பங்கிலும் ஒரு வரப்புக்காக நீதிமன்றம் ஏறி இறங்குகிற அண்ணன் தம்பிகள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான் பவுல் கடிதம் என்கிறார். ஊரும் உங்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். வழக்குக் கட்டு வேண்டாம், சாட்சி வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், நான் காத்திருப்பேன்.